பத்தொன்பது வருடமாக ஒரே பிராண்ட். வேகமான குடும்பக் காருக்காக இப்போது மாறலாமா?

நீலச்சக்கரம்:
வணக்கம் நண்பர்களே. பத்தொன்பது வருடமாக ஒரே கம்பெனியின் கார்தான் ஓட்டுகிறேன். மூன்று கார் மாறிவிட்டது, மூன்றிலும் அதே சின்னம். முதலாவது அப்பா எனக்குக் கொடுத்தது, அதனால் இந்தப் பற்று கொஞ்சம் வீட்டு வழக்கம் மாதிரி. இப்போது எட்டு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள், பின்சீட்டில் சைல்டு சீட், டிக்கியில் எப்போதும் ஒரு சைக்கிள். ஆனாலும் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி பாய வேண்டும், வளைவில் நிதானமாக நிற்க வேண்டும் என்ற ஆசை போகவில்லை. ஏன் போக வேண்டும் என்றும் புரியவில்லை.

நான் விரும்பிய ஆறு சிலிண்டர் வேகனை (கூரை பின்னால் வரை நீண்டு, டிக்கி பெரிதாக இருக்கிற குடும்பக் கார்) என் கம்பெனி நிறுத்திவிட்டது. ஷோரூமுக்குப் போனால் எஸ்யூவியைத்தான் காட்டுகிறார்கள். போன காரில் வாரண்டி முடிந்த இரண்டாவது மாதமே கியர்பாக்ஸ் போனது, அந்த வருத்தமும் இருக்கிறது. ஆனாலும் வேறு சின்னம் போட்ட சாவியைக் கையில் எடுக்க மனசு வரவில்லை. உங்களில் யாராவது இப்படி மாறியிருக்கிறீர்களா? இன்னொன்று, இணையத்தில் எல்லோரும் வேகமான வேகன் வேண்டும் என்றுதான் எழுதுகிறோம், அப்புறம் ஏன் அதைச் செய்கிற கம்பெனிகள் இவ்வளவு குறைவு?

ஐந்துசிலிண்டர்:
உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் பெரிய கேள்வி. இந்த வகைக் காரை நேசிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் புதிதாக வாங்குவதில்லை. நானும் அப்படித்தான், ஆறு வருடம் ஓடிய ஒன்றை இரண்டாவது ஆளாக வாங்கினேன். எங்கள் பணம் கம்பெனிக்குப் போவதில்லை, முதல் உரிமையாளருக்குத்தான் போகிறது. ஆகவே நாம் எவ்வளவு எழுதினாலும் கம்பெனியின் விற்பனைக் கணக்கில் வருவது புதிதாகக் கையெழுத்துப் போடுகிற அந்தச் சிலர் மட்டும்தான்.

ஆனால் அந்தச் சிலர் விடாப்பிடியானவர்கள். 1994-இல் ஆடி ஆர்எஸ்2 அவான்ட் வந்தது (வேகனுக்கு ஆடி வைத்த பெயர்தான் அவான்ட்). 2.2 லிட்டர், ஐந்து சிலிண்டர், டர்போ, 315 குதிரைத்திறன். போர்ஷேயோடு சேர்ந்து உருவாக்கி, பிரேக்கும் சக்கரமும் அங்கிருந்தே எடுத்து, போர்ஷே தொழிற்சாலையிலேயே கோர்த்தார்கள். செடான் அல்ல, பின்னால் பெட்டி ஏற்றுகிற குடும்ப வேகன்! அந்த வழியில் 2002-இல் வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜினோடு ஆர்எஸ்6 வந்தது. அடுத்த தலைமுறையில் வி10 (பத்து சிலிண்டர்), அப்புறம் மறுபடி வி8. 2019-இல் வந்த 600 குதிரைத்திறன் தலைமுறையில்தான் ஆர்எஸ்6 அவான்ட் முதல்முறையாக அமெரிக்காவுக்கே போனது. பிஎம்டபிள்யூ 2000-இலேயே எம்3 வேகன் ஒன்றைச் சோதனைக்குச் செய்து பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தது. விற்பனைக்கு ஒன்று வர 2022 ஆயிற்று. இருபத்திரண்டு வருடம் ஒரு காருக்காகக் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

பழையவி8:
தம்பி, விசுவாசம் ஒரு பக்கமாக மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே ஹோல்டன் வீடு, ஃபோர்டு வீடு என்றே குடும்பங்கள் பிரிந்திருந்தன. பாத்தர்ஸ்ட் கார் பந்தயத்தன்று எந்தக் கொடி பிடிப்பது என்பது பிறப்பிலேயே முடிவாகிவிடும். ஹோல்டனின் கமடோரும் ஃபோர்டின் ஃபால்கனும் நான்கு கதவு, பெரிய பின்சீட்டு, தேவைப்பட்டால் வி8. உண்மையான வேகமான குடும்பக் கார்கள். கடைசியில் என்ன? 2016 அக்டோபரில் ஃபால்கன் நின்றது, 2017 அக்டோபரில் அங்கே கமடோர் உற்பத்தியும் நின்றது, 2020-இல் ஹோல்டன் என்ற பெயரையே மூடுவதாக அறிவித்தார்கள். கொடி பிடித்த அதே வீடுகள் வாசலில் எஸ்யூவியும் பிக்கப்பும் நிறுத்த ஆரம்பித்திருந்தன. பற்று பொய்யில்லை, ஆனால் வாங்கும்போது வேறொன்றை வாங்கினார்கள். உங்கள் கம்பெனி வேகனை நிறுத்தியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

நீங்கள் எதன் மேல் பற்று வைத்திருக்கிறீர்கள் என்று ஒருதடவை பிரித்துப் பாருங்கள். அந்த ஆறு சிலிண்டர் சத்தமா, ஸ்டியரிங் கனமா, பத்தொன்பது வருடமாகத் தெரிந்த மெக்கானிக்கா, அப்பாவா? எனக்கு அது என்ஜின்தான். மெர்சிடிஸ் சி63-இல் 4 லிட்டர் வி8-ஐ எடுத்துவிட்டு 2 லிட்டர் நான்கு சிலிண்டரும் மின்மோட்டாரும் வைத்தபோது திறன் 680 ஆக ஏறியது, ஆனாலும் பழைய ஆட்கள் பலருக்கு மனம் ஒட்டவில்லை. சின்னம் அதேதான், அவர்கள் விரும்பியது உள்ளே இல்லை.

மூன்றுசீட்அம்மா:
என்ஜினைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள், நான் பின்சீட்டைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு வருடம் முன்னால் பிராண்ட் மாறினோம், எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது உங்கள் சைல்டு சீட்டையும் சைக்கிளையும் கொண்டுபோங்கள். பின்நோக்கி வைக்கிற சீட்டை மாட்டியபின் முன்னால் உட்காருபவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் பின்னால் இரண்டு இடத்தில்தான் சைல்டு சீட்டை மாட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கும். ஹைப்ரிட் (பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்தது) என்றால் பேட்டரி டிக்கியில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று திறந்து பாருங்கள்.

அப்புறம் சஸ்பென்ஷன். இருபது, இருபத்தொரு அங்குலச் சக்கரமும் மெல்லிய டயரும் படத்தில் அழகுதான், மோசமான சாலையில் பின்னால் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். அரை மணி நேரமாவது பின்சீட்டில் நீங்களே உட்கார்ந்து வாருங்கள், வேறொருவர் ஓட்டட்டும். பெரிய பிரேக் டிஸ்க், அகல டயர், இன்சூரன்ஸ் மூன்றையும் வாங்கும் முன்பே விசாரியுங்கள். இந்தக் கார்களில் மாதாமாதம் வலிப்பது அங்கேதான்.

மின்னோட்டம்:
எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிஎம்டபிள்யூவின் புதிய எம்5 வேகன் 727 குதிரைத்திறன், ஆனால் ஹைப்ரிட் என்பதால் சுமார் இரண்டரை டன். அந்த எடையை ஒவ்வொரு வளைவிலும் டயர்தான் தாங்க வேண்டும். 2023-இல் வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5 என்-ஐ ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முழு மின்சாரம், பூஸ்ட் அழுத்தினால் 650, கியர் மாறுவது போன்ற உணர்வைக்கூடச் செயற்கையாகத் தருகிறது. அதுவும் கனமான வண்டிதான், மறைக்கவில்லை. பத்து வருடம் முன்னால் அந்தச் சின்னத்தை இந்தப் பேச்சில் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

நீலச்சக்கரம்:
எல்லோருக்கும் நன்றி. பழையவி8 அண்ணா, நீங்கள் கேட்டதை ராத்திரி யோசித்தேன். அப்பாவும் அந்த மெக்கானிக்கும்தான் என் பதில். புதிய என்ஜினைப் பற்றி எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். மெக்கானிக்கிடம் பேசினேன், வேறு கம்பெனி வண்டியும் பார்ப்பேன் என்கிறார். சனிக்கிழமை மூன்று ஷோரூமுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், ஒன்று என் பழைய கம்பெனி. சைல்டு சீட்டும் சைக்கிளும் கூட வருகின்றன. பின்சீட்டில் முதலில் நான்தான் உட்காரப் போகிறேன்.