[கலைச்சொல்] பென்சில்வேனியாவின் ‘கவுன்சில் ஆஃப் சென்சார்ஸ்’: தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.
வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக் கொடுத்தாக வேண்டும். 1787-இல் அமெரிக்க அரசமைப்பை எழுத பிலடெல்பியாவில் கூடியவர்கள், அதே ஊரில் 1776-இல் எழுதிய பென்சில்வேனியா அரசமைப்பையே நாட்டுக்கும் எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் பொருள். ஒரே அவை, ஆண்டுதோறும் தேர்தல், சொத்து இல்லாவிட்டாலும் வரி கட்டும் ஆணுக்கு வாக்கு. இதெல்லாம் தமிழில் வந்துவிட்டது. இடிப்பது இந்த ஒரு பெயர். 7 ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் தேர்ந்தெடுக்கும் குழு; அரசமைப்பை யாராவது மீறினார்களா, வரி நியாயமாக விதித்தார்களா என்று பார்த்துக் கண்டிக்கும். ‘தணிக்கைக் குழு’ என்று போட்டேன். மகள் படித்துவிட்டு, “அப்பவே சினிமா இருந்துச்சா?” என்கிறாள்.

---

தணிக்கையே சரி. கணக்குத் தணிக்கை என்றால் யாருக்கும் சினிமா நினைவு வருவதில்லையே.

---

அம்மா, வள்ளுவர் இருக்க வெளியே தேடுவானேன்? ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்’ (448). தவறைக் கண்டித்துச் சொல்பவரே இடிப்பார்; எனவே ‘இடிப்பார் மன்றம்’. ஏமம் என்றால் காவல். ஏமாறுதலும் இதே வேர்தான் என்பது என் நெடுநாள் எண்ணம். தனி இழையில் எழுதுகிறேன்.

---

> இடிப்பார் மன்றம்

ஐயா, இன்றைக்கு இடிப்பார் என்றால் வாசலில் ஜேசிபி வந்து நிற்கும். ‘இடித்துரை மன்றம்’ என்றால் பிழைக்கலாம்.

பெயர் கிடக்கட்டும், கட்டுரையே எனக்கு ஒட்டவில்லை. அந்தக் குழு 1783-84-இல் ஒரே முறைதான் கூடியது. முதல் அமர்வில் அரசமைப்பை மாற்ற வேண்டும் என்றவர்களே பெரும்பான்மை. ஆனாலும் மாநாடு கூட்டத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை. மக்கள்தொகை எவ்வளவானாலும் மாவட்டத்துக்கு 2 பேர் என்பது வேறு. 1790-இல் பென்சில்வேனியாவே ஈரவைக்கும் ஆளுநருக்கும் மாறிவிட்டது. பிறந்த வீட்டிலேயே 14 ஆண்டு தாண்டாதது நாடு முழுக்க எப்படி நின்றிருக்கும்?

---

பக்கத்து வெர்மான்ட் மாநிலத்தில் இதே மாதிரிக் குழு 1870 வரை நின்றதே, தம்பி!

---

‘மன்றம்’ வேண்டாம், ரசிகர் மன்றம் மாதிரி இருக்கிறது. ‘அவை’ போடுங்கள்.

---

மன்றத்தை ரசிகர்கள் பிடித்துக்கொண்டால் நாம் விட்டுவிடுவதா?

---

நன்றி. மணி பதினொன்று. ‘இடித்துரை அவை’ என்று அனுப்பிவிட்டேன். நால்வர் சரி என்றார்கள், மற்றவர்கள் தூங்கப் போய்விட்டார்கள் போலிருக்கிறது.

---

நான் தூங்கவில்லை. தணிக்கைதான்.