மேசைக்கு ஒரு டேப்லெட்: சைவ ஓட்டலுக்குச் சரிப்பட்டு வருமா?

கோவை_கல்லா
கோயம்புத்தூரில் 22 மேசை போட்ட சைவ ஓட்டல் நடத்துகிறேன். மேசைக்கு ஒரு டேப்லெட் வைத்து, வருகிறவர்களே தொட்டு ஆர்டர் கொடுக்கும்படி மாற்றலாமா என்று யோசனை. காரணம் ஆள் பற்றாக்குறைதான். இருக்கிற 9 சப்ளையர்களில் 6 பேர் ஒடிசா, அசாம் பையன்கள். உழைப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் "பொடி தோசை, எண்ணெய் கம்மி, முறுகலா" என்று வாடிக்கையாளர் சொன்னது அடுப்படிக்குப் போய்ச் சேரும்போது வெறும் பொடி தோசை ஆகிவிடுகிறது. ஞாயிறு காலையில் மட்டும் ஐந்தாறு தட்டு திரும்பி வருகிறது. டேப்லெட் என்றால் தொட்டது தொட்டபடி சீட்டாக உள்ளே வந்துவிடும். என்ன சொல்கிறீர்கள்?

இலைக்காரன்
அண்ணா, 14 வருஷம் சப்ளை பார்த்தவன் சொல்கிறேன், வேண்டாம்.

டிபன் சாப்பிட உட்கார்ந்தவர் ஆர்டர் கொடுப்பது ஒரே தடவை. அதற்கப்புறம் கேட்பதுதான் அதிகம். "சாம்பார் கொஞ்சம்", "அந்தக் காரச் சட்னி", "இது ஆறிப்போச்சு, சூடா ஊத்துங்க". இதற்கெல்லாம் விலை கிடையாது. விலை இல்லாததை மெனுவில் எங்கே போடுவீர்கள்? நான் வாளியோடு நடக்கும்போதே எந்தத் தட்டில் இட்லி காய்ந்து கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டு போவேன். அவர் வாய் திறப்பதற்கு முன் ஊற்றிவிடுவேன்.

அப்புறம், கை. இன்னொரு தோசை வேண்டும் என்று தோன்றுகிற நேரத்தில் வலது கை முழுக்கச் சட்னி. இடது கையால்தான் திரையைத் தொட வேண்டும். மறந்து வலது கையால் தொட்டவரின் ஐந்து விரலும் அடுத்து வந்து உட்காருகிறவர் முகத்துக்கு நேராகத் தெரியும். அதைத் துடைக்க க்ளீனர் பையன் எந்தத் துணியை எடுப்பான்? மேசை துடைக்கிற ஈரத்துணியைத்தான்.

நிரலன்
உணவகங்களுக்கு பில்லிங் மென்பொருள் செய்வது என் வேலை. இலைக்காரன் அண்ணன் சொல்வதில் பாதிக்கு வழி இருக்கிறது. சாம்பார், சட்னி, தண்ணீர் மூன்றுக்கும் விலை 0 போட்டு மூன்று பெரிய பொத்தான் வைத்துவிடலாம். கல்லா ஐயாவின் தோசைப் பிரச்சினைக்கு இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தெரியவில்லை. வாடிக்கையாளர் தமிழில் "முறுகல்" என்று தொடுவார். தோசை மாஸ்டருக்குத் தெரிந்த மொழியில், இந்தியோ ஒடியாவோ, சீட்டு அச்சாகும். நடுவில் யாரும் நினைவில் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. காது கேளாதவர் யாரையும் எதிர்பார்க்காமல் தனக்கு வேண்டியதைத் தானே வாங்கிச் சாப்பிடலாம், அதையும் யோசியுங்கள்.

இது புது விஷயமும் கிடையாது. அமெரிக்காவில் ஆப்பிள்பீஸ் என்ற உணவகச் சங்கிலி நிறுவனம் ஒரு லட்சம் டேப்லெட் வைக்கப்போவதாக 2013 டிசம்பரிலேயே அறிவித்தது. அதே மாதிரி இன்னொரு சங்கிலியான சில்லீஸ் 2014-க்குள் 800-க்கும் மேற்பட்ட கிளைகளில் வைத்துவிட்டது.

இலைக்காரன்
தம்பி, அந்தச் சாம்பார் பொத்தானை அமுக்கினால் யார் வருவார்? அதே பையன்தான். கையைத் தூக்கினால் வருகிறவனுக்குப் பொத்தான் எதற்கு?

டல்லஸ்_வாசி
நிரலன் சில்லீஸைச் சொன்னதால் எழுதுகிறேன். இந்த ஊரில் அந்த டேப்லெட்டில் நாங்கள் பெரும்பாலும் செய்வது பணம் கட்டுவது. முன்பெல்லாம் பில் கேட்டு, அது வந்து, கார்டைக் கொடுத்து, சர்வர் அதை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்து, டிப்ஸ் எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். டேப்லெட் அந்தக் காத்திருப்பைப் போக்கியது, அதனால் பிடித்துப்போனது. நம் ஊரில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, கல்லாவில் க்யூஆர் அட்டையைக் காட்டினால் அரை நிமிஷத்தில் வேலை முடிந்துவிடுகிறது. இங்கே கிடைத்த பெரிய லாபம் அங்கே கிடைக்க வழியே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் அந்தத் திரை "உங்கள் சர்வர் எப்படி" என்று மதிப்பெண் கேட்கும். அந்த மதிப்பெண்ணை வைத்து சர்வர்களின் வேலை நேரத்தைக் குறைக்கிறார்கள் என்று 2018-ல் பத்திரிகைகளில் விரிவாக வந்தது. தோசை தீய்ந்தால் கோபத்தில் நாம் தொடும் மதிப்பெண் சப்ளையர் தலையில் விழும். கல்லா சார், டேப்லெட் வைத்தாலும் அந்தப் பக்கத்தை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள்.

மதுரை_மீனா
எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடை பெயர் வேண்டாம். போன மாதம் அப்பாவோடு ஓர் ஓட்டலுக்குப் போனேன். உட்கார்ந்து திரையைத் தொட்டதும், எங்களுக்கு முன் அங்கே சாப்பிட்டவரின் பெயர், பத்து இலக்கச் செல்பேசி எண், அவர் தின்றது எல்லாம் அப்படியே நின்றது. பொதுவில் வைத்த கருவி என்றால் இதுதான் முதல் பயம். நான் எழுந்து போனதும் என் எண்ணை யார் பார்ப்பார்? ஒரு பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வாடிக்கையாளரிடம் செல்பேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது.

அதே திரையில் நெய் ரோஸ்ட்டைத் தொட்டதும் "கூடுதல் நெய் 25 ரூபாய்" தானாகவே டிக் ஆகியிருந்தது. நாம் கேட்காததைக் கணக்கில் சேர்ப்பதும் 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளின்படி தப்பு.

அப்பாவுக்கு 74 வயது. கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கடைசியில் என்னிடம், "இட்லி இருக்கான்னு யாரையாவது கேளேன்" என்றார்.

நிரலன்
மீனா அக்கா சொன்னது மென்பொருளின் தப்பு, அதற்கு மன்னிப்பே கிடையாது. பில் முடிந்த அந்த நொடியே எல்லாம் அழிந்து முதல் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். எண்ணைக் கேட்கவே கூடாது, மேசை எண் போதும். ஐபேடு, ஆண்ட்ராய்டு இரண்டிலும் ஒரே செயலிக்குள் பூட்டி வைக்கும் வசதி பல வருஷமாக இருக்கிறது. துடைப்பதற்கு 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தாள் போதும். ஆப்பிள் நிறுவனமே 2020 மார்ச்சில் அதை அனுமதித்துவிட்டது. மேசைத் துணி மட்டும் கூடாது.

தேக்கா_வாசி
சிங்கப்பூரில் இருந்து. இங்கே சேவைத் துறையில் வெளிநாட்டு ஊழியருக்கான உச்சவரம்பு 2021 முதல் ஒரு நிறுவனத்தின் மொத்த ஆட்களில் 35 விழுக்காடு. ஆள் கிடைக்காததால் டேப்லெட் வைக்கிறார்கள், அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. சுஷி கடையில் அது அருமையாக நடக்கிறது. ஏனென்றால் ஒரு தட்டு சுஷி யாருக்கும் ஒரே மாதிரிதான், "கொஞ்சம் மெத்துனு" என்று யாரும் கேட்பதில்லை. சிராங்கூன் ரோட்டில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அங்கே என் கண் தேடுவது வாளிக்காரரைத்தான்.

கோவை_கல்லா
எல்லோரும் சொன்னதைப் படித்தேன். ஆனால் திரும்பி வருகிற தட்டுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை, இலைக்காரரே. ஒவ்வொரு தட்டும் பையன்களுக்குத் திட்டாகப் போய் விழுகிறது. போன வாரம் ஒரு பையன் பின்கட்டில் நின்று அழுதான்.

இலைக்காரன்
அண்ணா, அந்த டேப்லெட்டை மேசையில் வைக்காமல் பையன் கையில் கொடுங்கள். வாடிக்கையாளர் வாயால் சொல்லட்டும், இவன் படத்தைப் பார்த்துத் தொடட்டும், "இதுதானே சார்?" என்று காட்டட்டும். திரையைத் தொடுவது ஒரே கை, அதுவும் சுத்தமான கை. நம்பரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

நிரலன்
அப்படியும் செய்யலாம், ஆனால் ஆள் பற்றாக்குறை அப்படியேதான் இருக்கும். ஐயா, 4 மேசையில் மட்டும் டேப்லெட், மீதியில் பையன்கள் கையில். ஒரு மாதம் இரண்டு பக்கமும் திரும்பி வருகிற தட்டை எண்ணுங்கள். நான் வந்து போட்டுத் தருகிறேன்.

கோவை_கல்லா
சரி, 4 மேசை. மேலே குடும்ப ஹாலில்.

இலைக்காரன்
நான் திருப்பூரில்தான் இருக்கிறேன் அண்ணா. செவ்வாய்க்கிழமை மதியம் பந்தி முடிந்ததும் வருகிறேன். முறுகல், மெத்து, எண்ணெய் கம்மி, வெங்காயம் வேண்டாம், ஆறிப்போச்சு. அடிக்கடி வருவது ஒரு நாற்பது வார்த்தை இருக்கும். அந்த அழுத பையனையும் உட்காரச் சொல்லுங்கள்.