ஏ.கே.எஸ். ஸ்டாக் மேடை ஏறியதா, இல்லையா?

கொள்ளிடத்தான்:
பக்கத்து இழையில் 'சமவெளி' எழுதியிருப்பது இது: "அல்காரிதத் துறையில் உருப்படியான எல்லாமே ஸ்டாக், ஃபாக்ஸ் மாநாடுகளில்தான் முதலில் வந்தது, ஏ.கே.எஸ். உட்பட. நம் கான்பூர்க்காரர்களே அங்கே போய்த்தானே பெயர் வாங்கினார்கள்." (ஸ்டாக், ஃபாக்ஸ் என்பவை கணினியியல் கோட்பாட்டின் இரு பெரிய ஆண்டு மாநாடுகள்.) படித்ததிலிருந்து காப்பி தொண்டையில் இறங்கவில்லை. ஓர் எண் பகா எண்ணா என்று பல்லுறுப்புக் கால அளவுக்குள், அதாவது எண்ணின் இலக்கங்கள் கூடினாலும் நேரம் கட்டுமீறிப் பெருகாமல், சொல்லிவிடும் அந்த முறையை, கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும் அப்போதுதான் பி.டெக் முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் 2002 ஆகஸ்டில் இணையத்தில் வெளியிட்டார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகள்தான் ஏ.கே.எஸ். 2004இல் 'அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' ஆய்விதழில் அச்சானது. இதில் ஸ்டாக் எங்கே வந்தது?

சமவெளி:
ஏ.கே.எஸ். ஸ்டாக்கில் வந்தது. 1983, பாஸ்டன். தொகுப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து காப்பி குடிக்கவும்.

கொள்ளிடத்தான்:
1983இல் அந்த மூவரில் இருவர் அரிச்சுவடியைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். யார் போய் மேடையேறினார்கள், அவர்களுடைய பெற்றோரா?

இரட்டைச்சுழி:
இருவரும் வெவ்வேறு ஏ.கே.எஸ்.ஸைச் சொல்கிறீர்கள். 1983இல் வந்தது அய்தாய், கோம்லோஷ், செமரேடி என்ற ஹங்கேரியர் மூவரின் வரிசைப்படுத்தும் வலையமைப்பு, அதாவது எண்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு வரிசையாக்கும் அமைப்பு. அதற்கும் அதே மூன்றெழுத்துதான். ஒரே தெருவில் இரண்டு டி.வி.எஸ்.மணி இருந்தால் தபால்காரர் தடுமாறுவதில்லையா, அப்படித்தான் இது. 'மாநாட்டில் வந்தது' என்றால் மேடையில் பேசியதா, தொகுப்பில் அச்சானதா என்பதையும் முதலில் பேசி முடிவு செய்துகொண்டால் நல்லது.

சமவெளி:
நான் 1983 ஏ.கே.எஸ்.ஸைத்தான் சொன்னேன்.

கொள்ளிடத்தான்:
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே கான்பூர் இருக்கிறதே!

சமவெளி:
அது அடுத்த வாக்கியம். ஏ.கே.எஸ். உள்ள வாக்கியத்தில் கான்பூர் இல்லை. நடுவே முற்றுப்புள்ளி இருக்கிறது. தம்பி, சில கணக்குகள் எவ்வளவு கடினம் என்று காட்டும் தம் தேற்றத்தை ஸ்டீபன் குக் என்ற கணினியியலாளர் 1971இல் சொன்னது ஸ்டாக்கில், ஓஹையோவின் ஷேக்கர் ஹைட்ஸில். நேரியல் திட்டமிடலுக்கு, அதாவது கட்டுப்பாடுகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேடும் கணக்குக்கு, நரேந்திர கர்மார்க்கர் 1984இல் தம் முறையை அறிவித்ததும் ஸ்டாக்கில். ஆய்விதழ் என்பது மூன்று வருடம் ஜாடியில் கிடந்த ஊறுகாய். வெளியே வரும்போது துறை அடுத்த பந்திக்குப் போயிருக்கும்.

கொள்ளிடத்தான்:
முதலில், நான் உங்கள் தம்பி இல்லை. எனக்குப் பேரன் இருக்கிறான்.

இரண்டாவது, அந்த 'மேடை' எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் இப்படியொரு மாநாட்டுக் கட்டுரையை அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்தேன். நான்காம் துணைத்தேற்றம்தான் உயிர்நாடி. அதன் கீழே ஒரே வரி: 'இடமின்மையால் நிறுவல் முழு வடிவில் தரப்படும்.' அந்த முழு வடிவம் இன்றுவரை வரவில்லை. ஓரத்தில் நான் போட்ட கேள்விக்குறி மட்டும் மங்கிப்போய்க் கிடக்கிறது.

பாபாய் என்ற கணிதரின் கதை தெரியுமா? இரண்டு கோட்டுருக்கள் (புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த அமைப்புகள்) ஒன்றேதானா என்று கண்டுபிடிக்கும் அவருடைய முறை 2016 ஸ்டாக்கில் வந்தது. முழு வடிவம் எண்பது பக்கத்துக்கு மேல். 2017 ஜனவரியில் பிழையைக் கண்டுபிடித்தவர் ஹெல்ஃப்காட் என்ற கணிதர், ஒரு கருத்தரங்குக்காக வரிவரியாகப் படித்தபோது. பாபாய் சில நாட்களிலேயே சரிசெய்துவிட்டார், பெரிய மனிதர். ஆனால் மாநாட்டு நடுவர்கள் எதைப் படித்தார்கள்? சில மாதக் கெடுவுக்குள் ஆளுக்கு ஒரு கட்டுக் கட்டுரை. அதில் எவர்தான் படிப்பார்?

இன்னொன்றும் கேளுங்கள். பகா எண் ஏ.கே.எஸ்.ஸுக்கு 2006இல் கணினியியல் கோட்பாட்டுக்கான கோடல் பரிசு கிடைத்தது. கொடுத்தவர்களில் ஒருவர், உங்கள் ஸ்டாக்கை நடத்துகிற அதே சிக்ஆக்ட் குழு. ஆய்விதழில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது அந்தப் பரிசின் விதி. ஊறுகாய்க்குத்தான் பரிசு!

மார்கழிப்பனி:
சோடாவைப் பற்றி யாருமே பேசவில்லையே? 1990இல் தொடங்கியது, அல்காரிதங்களுக்கென்றே நடக்கிற மாநாடு. ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும். ஒரு முறை என் கட்டுரை தேர்வானது. விசா நேர்காணலுக்கு மார்ச்சில் தேதி கிடைத்தது. கூட எழுதிய வெள்ளைக்காரர் என் படங்களைத் திரையில் காட்டிவிட்டு வந்தார். எனக்குப் பன்னீர் சோடாதான் மிச்சம். இப்போதெல்லாம் டிசம்பரில் இங்கேயே நடக்கும் எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ். என்ற மாநாட்டோடு சரி. 1981 முதல் நடக்கிறது, நம் ஊர் என்பதால் எவரும் மதிப்பதில்லை.

சமவெளி:
இலுப்பைப்பூ.

மார்கழிப்பனி:
எங்கள் ஊரில் ஆலையும் இருக்கிறது. அய்யாவுக்கு எத்தனை ஸ்டாக் கட்டுரைகள்?

சமவெளி:
இங்கே பேசப்படுவது ஏ.கே.எஸ். பற்றி.

தமிழ்க்கணியன்:
எல்லோரும் 'அல்காரிதம்' என்றே எழுதுகிறீர்களே, நெஞ்சு பொறுக்கவில்லை. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் 'நெறிமுறை' என்ற அழகான சொல் இருக்கிறது.

கொள்ளிடத்தான்:
வலைப்பின்னலில் 'புரோட்டோகால்' வந்தாலும் நெறிமுறை, ஒழுக்கம் பேசினாலும் நெறிமுறை. இரண்டு ஏ.கே.எஸ். படுத்தும் பாடு போதாதா?

தமிழ்க்கணியன்:
அப்படியானால் 'படிமுறை' என்று எழுதுங்கள். காப்பிக்கு மட்டும் 'குளம்பி' என்று எழுத உங்களுக்கு மனம் வராது, தெரியும்.

இரட்டைச்சுழி:
மேடையா, அச்சா என்ற என் கேள்விக்கு இன்னும் எவரும் பதில் சொல்லவில்லை.

சமவெளி:
1983. பாஸ்டன். ஏ.கே.எஸ். இனி நான் எழுதப்போவதில்லை.

கொள்ளிடத்தான்:
பக்கத்து இழையில் அந்தக் 'கான்பூர்க்காரர்கள்' வரி காணாமல் போயிருக்கிறது. இன்று காலை பத்து மணி வரை இருந்தது. படமெடுத்து வைத்திருக்கிறேன்.

சமவெளி:
எழுத்துப்பிழை திருத்தினேன்.