கர்ப்பப்பையோட ஓவரியும் (சினைப்பை) சேர்த்து எடுத்த பிறகு வீட்டில் எப்படி இருந்துச்சு? அனுபவம் உள்ளவங்க எழுதுங்க

திருப்பூர்க்காரன்:
வீட்டம்மாவுக்கு 41. கட்டி, நிக்காத உதிரப்போக்கு, தெரிஞ்ச கதைதான். ஆபரேஷன் முடிஞ்சு மூணாம் நாளே ஃபேனை அஞ்சுல வைக்கச் சொன்னா. பக்கத்துப் பெட்காரங்க போர்வையை இழுத்து மூடிக்கிட்டு எங்களை முறைச்சாங்க. மயக்க மருந்து சூடுன்னு நினைச்சேன்.

அப்புறம் மார்கழி. விடியக்காலம் 3 மணி, பக்கத்துல ஆளைக் காணோம். ஹால்ல வெறும் சிவப்புத் தரையில குப்புறப் படுத்திருக்கா. எழுப்பினா, அந்த இடத்துல கன்னம், தோள், முழங்கை அச்சு ஈரமா இருக்கு. நான் கேட்டது என்ன தெரியுங்களா? "ஒரு பாயை விரிக்கக் கூடாதா?" அவ பதிலே பேசலை.

டிஸ்சார்ஜ் சம்மரியில 'பி.எஸ்.ஓ.'ன்னு மூணு எழுத்து. ரெண்டு பக்க ஓவரியும் கருக்குழாயும் போச்சுன்னு அர்த்தமாம். சம்மதப் படிவத்துல அவ கையெழுத்துக்குக் கீழ என்னுதும் இருக்கு. பில் கவுன்டர்ல நின்ன வாக்குல போட்டது. படிக்கலைங்க.

மேலூர்_மச்சான்:
எங்க வீட்லயும் இதேதான். காபி ஆறிப்போச்சேன்னேன், அவ்வளவுதான். டம்ளரோட கொண்டுபோய் சிங்க்ல கொட்டிட்டு அங்கேயே நின்னு அழுறா. எங்கம்மா, "நாங்கல்லாம் இதைத் தாண்டி வரலையா"ன்னுச்சு. நான் வாயைத் திறக்கலை. காபி மறந்துபோச்சு, அது மறக்கலை.

இயற்கை_வழி:
சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. என் மனைவிக்கும் 38ல கர்ப்பப்பை எடுத்தாச்சு, ஒண்ணுமே ஆகலை. எல்லாம் மனசுதான். காலையில ஊறவச்ச வெந்தயம், வாரம் 3 நாள் கருப்பட்டி நல்லெண்ணெய் ஊத்தி உளுந்தங்களி, தினம் ஒரு எள்ளுருண்டை. புளி, காரம் குறைங்க. பிராய்லர் கோழி வேண்டவே வேண்டாம். ராத்திரி 7 மணிக்குள்ள சாப்பாட்டை முடிக்கணும். செல்போன் தலைமாட்டுல இருக்கக் கூடாது. மொட்டை மாடியில எட்டு போட்டு நடக்கச் சொல்லுங்க, நீங்களும் கூட நடங்க. ஹார்மோன் பக்கம் மட்டும் போயிடாதீங்க, கேன்சர் வரும்.

சிஸ்டர்_கோவை:
இயற்கை_வழி சார், உங்க வீட்ல எடுத்தது கர்ப்பப்பை மட்டுமா இருக்கும். ஓவரி உள்ளேயே இருந்து அதுபாட்டுக்கு வேலை செய்யுது. அந்தப் பேரை வெந்தயத்துக்குக் கொடுக்காதீங்க. ரெண்டு ஓவரியும் போனா ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் ஒண்ணு ரெண்டு நாள்ல சரிஞ்சிடும். மத்தவங்களுக்கு வருஷக்கணக்கா நடக்கிறது இவங்களுக்கு ஒரே வாரத்துல. இது மனசு இல்லை.

கேன்சர் பயம் 2002ல வந்த அமெரிக்க ஆய்வால கிளம்பினது. அதுல இருந்தவங்க சராசரி வயசு 63, கொடுத்தது ரெண்டு ஹார்மோன் கலந்த மாத்திரை. கர்ப்பப்பை இல்லாதவங்களுக்குப் பொதுவா ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். 45க்கு முன்னாடியே ஓவரி போச்சுன்னா, மார்பகப் புற்று மாதிரி தடை இல்லாதவரைக்கும், மாதவிடாய் இயல்பா நிக்கிற வயசு வரைக்கும் ஹார்மோன் எடுத்துக்கத்தான் சொல்றாங்க. எலும்பு, இதயம் ரெண்டுக்காகவும். எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கேன் பத்தியும் டாக்டர்கிட்ட கேளுங்க.

என் கதை சின்னது. டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஒருத்தர், "தாம்பத்தியம் எப்ப சிஸ்டர்?"ன்னார். தையல் காயறதுக்குள்ளயான்னு கத்திட்டேன். அந்தம்மா லிஃப்ட் வரைக்கும் போனவங்க திரும்பி வந்து, "நான்தான் கேட்கச் சொன்னேன். வறண்டு போய் வலிக்கும்ங்கிறாங்களே"ன்னாங்க. அதுக்கு க்ரீம் இருக்குன்னு அன்னைக்கு எனக்குச் சொல்லத் தோணலை.

இயற்கை_வழி:
ஓவரி இருக்கா இல்லையான்னு எங்ககிட்ட யாரும் சொல்லலையே. ஃபைலைத் தேடுறேன். களி நல்லதுதான், அதுல மாத்தமில்லை.

திருப்பூர்க்காரன்:
நன்றிங்க சிஸ்டர். திங்கக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போறோம், இந்தத் தடவை ஃபைலை நான் படிச்சுட்டேன். இப்ப நானும் ஹால்லதான் படுக்கிறேன். பாய் எனக்கு மட்டும்.