ஒரு பக்கம் ஊமையான ஆம்ப்ளிஃபையர்: சரிசெய்வதா, மாற்றுவதா?

என் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரில் இடது பக்க ஒலி வந்தும் வராமலும் இருந்தது. சத்தத்தைக் குறைத்து வைத்தால் ஊமையாகிவிடும். கூட்டினால் 'டக்' என்று உயிர் வந்து தெளிவாகப் பாடும். பழைய பெட்டிதானே, புதிது வாங்கிவிடலாம் என்றார்கள் வீட்டில். எனக்கு மனம் வரவில்லை. எந்தப் பாகம் கெட்டது என்று தெரியாமல், வயதை மட்டும் பார்த்து ஒரு கருவியைத் தூக்கி எறியக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் ஸ்பீக்கர் ஒயர்களை இடம்வலமாக மாற்றிச் செருகினேன். இப்போது வலது ஸ்பீக்கர் ஊமையானது. ஆகவே ஸ்பீக்கர்கள் மேல் குற்றமில்லை. உள்ளீட்டு ஒயர்களையும் அப்படியே மாற்றிப் பார்த்தேன். பழுது இடம் மாறவில்லை. கோளாறு பெட்டிக்குள்தான்.

இந்த மாதிரி அறிகுறிக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்பீக்கர் பாதுகாப்பு ரிலே, அதாவது ஸ்பீக்கர்களை ஆம்ப்ளிஃபையரோடு இணைத்தும் துண்டித்தும் காக்கும் மின்சுவிட்ச். ஆன் செய்த சில நொடிகளில் உள்ளே 'கிளிக்' என்று கேட்குமே, அதுதான். அதன் தொடுமுனைகளில் கறுப்புப் படிந்தால் சிறிய சிக்னல் கடக்க முடியாமல் நின்றுவிடும். முனைகளை உப்புத்தாளால் தேய்த்துத் தரட்டுமா என்று மெக்கானிக் கேட்டார். மேல்பூச்சு போய்விட்டால் சீக்கிரமே மறுபடியும் கெடும், புது ரிலேயே போட்டுவிடுங்கள் என்றேன். ரிலேயை இயக்கும் கம்பிச்சுருளின் (காயில்) வோல்ட்டேஜ், தாங்கும் ஆம்பியர், கால்களின் அமைப்பு மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். மாற்றியதும் இரண்டு பக்கமும் சமமாக ஒலித்தன. குப்பையில் போடச் சொன்ன அத்தனை பேரையும் அழைத்து உட்கார வைத்துக் கேட்கச் செய்ய வேண்டும் போலிருந்தது.

திறந்த கையோடு, ரிலேக்கு முன்னால் டிசி (நேர்மின்) வோல்ட்டேஜையும் அளக்கச் சொன்னேன். பாட்டு ஓடாதபோது 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. வோல்ட் கணக்கில் நின்றால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். அதைக் கவனிக்காமல் ரிலேயைத் தாண்டி நேரடி இணைப்புக் கொடுத்தால் வூஃபரின் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) கம்பிச்சுருளும் கருகிவிடும்.

*

நண்பரே, உங்களுக்கு ரிலேயோடு போனது. என்னுடையது ஹோம் தியேட்டர் ரிசீவர். படத்தையும் ஒலியையும் ஒரே ஒயரில் வாங்கி அனுப்பும் ஹெச்டிஎம்ஐ போர்டு செத்துவிட்டது. அதில் உள்ள சிப் அந்த மாடலுக்கே உரியது, தனியாகக் கிடைக்கவில்லை, போர்டாகவும் வரவில்லை. ஒலியைப் பெருக்கும் பகுதி முழு நலத்தோடு இருந்தும் பெட்டியைக் கைவிட வேண்டியதாயிற்று. வருத்தம்தான், ஆனால் அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். புதிதாக வாங்கியது சாதாரண இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபையர். படத்தைக் கையாளும் வேலையை டிவியே பார்த்துக்கொள்ளட்டும்.

*

என்னுடையதில் ஒலியைப் பெருக்குவது எஸ்டிகே வகை ஐசி (பல பாகங்கள் ஒரே கட்டையில் அடங்கிய சிப்). அந்த எண் உற்பத்தியிலேயே இல்லை. கடையில் கிடைத்ததைப் போட்டார்கள். சத்தத்தைக் கூட்டிய அன்றே வெடித்தது. போலி. தயவுசெய்து, அவுட்புட் ஐசி, டிரான்சிஸ்டர் விஷயத்தில் எங்கிருந்து வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 போன்ற புகழ்பெற்ற எண்களிலும் போலிகள் ஏராளம். நம்பகமான இடத்தில் அசல் கிடைக்காவிட்டால் நான் புதிது வாங்கவே சொல்வேன்.

*

போலி பற்றிச் சொன்னது மிக முக்கியம். அதோடு ஒன்று: டிரான்சிஸ்டரை மாற்றிய பிறகு பயஸ் அளவை (பாட்டு ஓடாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு மின்னோட்டம்) சரிசெய்தார்களா என்றும் கேளுங்கள். அது கூடினால் புதிய டிரான்சிஸ்டரும் சூடேறிக் கருகும், குறைந்தால் மெல்லிய ஒலி கரகரக்கும். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது குண்டு பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் போடுவது நல்ல மெக்கானிக்குகளின் வழக்கம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், பாகங்கள் பிழைக்கும். வீட்டிலேயே மூடியைக் கழற்ற நினைப்பவர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். மீட்டர் வைத்து அளந்து, அது வடிந்துவிட்டது என்று உறுதியான பின்பே உள்ளே கை வையுங்கள்.