டிடி-02பி வண்டிக்கு அலுமினிய ஆர்ம்: வலிமையா, பகட்டா?

தேரிக்காட்டான்:
ரிமோட்டில் ஓடும் பொம்மைப் பந்தய வண்டியான டாமியா டிடி-02பி கிட்டை வாங்கிப் பூட்டி முடித்த கையோடு எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த அலுமினியப் பாகத்தை முதலில் வாங்கலாம்?" என்பதுதான். எதுவும் வேண்டாம் என்பதே என் பதில். முதல் செலவு பால் பேரிங்காக இருக்கட்டும். கிட்டில் வருகிற, அச்சைத் தாங்கும் வளையங்களான பிளாஸ்டிக் புஷ்களுக்குள் மணல் புகுந்தால் அவை தேய்ந்து சக்கரங்கள் ஆடத் தொடங்கும். கியர்களும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் பல் தேயும். 11 மி.மீ. வெளிவிட்டம், 5 மி.மீ. உள்விட்டம், 4 மி.மீ. தடிமன் என்று கேட்டு, ரப்பர் சீல் உள்ளதாக வாங்குங்கள். அடுத்து நல்ல டயர், அதற்கடுத்து ஷாக்கில் (அதிர்வுதாங்கியில்) ஊற்றும் ஆயில். சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கையான ஆர்மை அலுமினியத்தில் வாங்க என் பட்டியலில் இடமே இல்லை.

நீலவண்டி:
ஐயா, பேரிங் வரை உங்களோடு வருகிறேன். கடைசி வரியில்தான் வண்டி தடம் மாறுகிறது. பிளாஸ்டிக் ஆர்மைக் கையால் முறுக்கிப் பாருங்கள், வளைகிறது. வளைந்தால் சக்கரத்தின் கோணம் மாறும், திருப்பத்தில் வண்டி சொன்ன இடத்துக்குப் போகாது. உலோகம் அவ்வளவு வீண் என்றால், 1984இல் அலுமினியச் சேசிஸோடு (அடிச்சட்டத்தோடு) வந்த ஆர்சி10 என்ற ரிமோட் பந்தய வண்டி அடுத்த ஆண்டே உலகப் பட்டம் வென்றது எப்படி?

தேரிக்காட்டான்:
ஆர்சி10 பெயரை நீங்களே எடுத்தது நல்லதாய்ப் போயிற்று. சேசிஸ் அலுமினியம்தான், அந்தப் பொன்னிறத்தை யார் மறப்பார்கள்? ஆனால் அதன் ஆர்ம்கள் நைலான்! கரடுமுரடான தரையில் ஓடும் இன்றைய போட்டி வண்டிகளைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலும் சேசிஸ் தட்டு அலுமினியமாக இருக்கும், ஷாக்கின் உடலும் அலுமினியமாக இருக்கும். ஆனால் கீழ் ஆர்ம் பிளாஸ்டிக்காகவே இருக்கும். உலோகம் வாங்கக் காசில்லாமலா அப்படிச் செய்கிறார்கள்?

முன்சக்கரம் கல்லில் மோதும்போது அந்த அடி எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? பிளாஸ்டிக் ஆர்ம் வளைந்து அதை வாங்கிக்கொண்டு மறுபடி நேராகிவிடும். அடி மிஞ்சினால் உடையும். உடைந்ததைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு அதே மாலையில் ஓட்டலாம். மலிவான அலுமினிய ஆர்ம் வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். வளையாவிட்டால் இன்னும் மோசம். அடி அப்படியே ஆர்மைத் தாங்கும் பிடிக்குப் போகும், அங்கிருந்து சேசிஸுக்குப் போகும். சேசிஸ் விரிசல் விட்டால் வண்டியை முதல் திருகிலிருந்து மறுபடி பூட்ட வேண்டும்.

மூன்றுசெல்:
ஆர்மைப் பற்றியே எவ்வளவு நேரம் பேசுவீர்கள்? வேகமில்லாத வண்டிக்கு எந்த ஆர்ம் இருந்து என்ன பயன்? பிரஷ் மோட்டாரைத் தூக்கிப் போட்டுவிட்டு 3300 கேவி பிரஷ்லெஸ் மோட்டாரும், 3எஸ் லிப்போவும் (மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி) பூட்டினேன். புழுதி அடங்குவதற்குள் வண்டி மைதானத்தின் மறுகோடியில் நிற்கிறது.

பழைய_பினியன்:
தம்பி, ஒரு சின்னக் கணக்கு. கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது. 2எஸ் (இரண்டு செல்) பேட்டரியின் 7.4 வோல்ட்டில் உங்கள் மோட்டார் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 24,420 சுற்று சுற்றும். 3எஸ்ஸின் 11.1 வோல்ட்டில் 36,630. இந்தக் கூடுதல் சக்தி முன்சக்கரங்களுக்குப் போவது நடுவிலுள்ள நீளத் தண்டான புரொபெல்லர் ஷாஃப்ட் வழியாக. கிட்டில் அது பிளாஸ்டிக். சக்கர அச்சுகளைத் திருப்பும் கப்புகளும் பிளாஸ்டிக்கே. ஒரு கப்பைக் கழற்றி அதன் பிளவை வெளிச்சத்தில் பாருங்கள். நேராக இருக்க வேண்டிய ஓரத்தில், அச்சின் முனையிலுள்ள உலோக ஊசி அழுத்திய குழி தெரிந்தால், அது சிறிது காலத்தில் நழுவப்போகிறது என்று பொருள். உங்கள் ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) 3எஸ் தாங்குமா என்பதையும் பாருங்கள். மோட்டார் அச்சிலுள்ள பல்சக்கரமான பினியனைச் சிறிதாக்குங்கள். ஓட்டி முடித்ததும் மோட்டாரின் சூட்டை அளந்து பாருங்கள், 80 டிகிரிக்கு மேல் போக விடக்கூடாது.

மூன்றுசெல்:
பிளாஸ்டிக் கப்பை ஸ்டீலாக மாற்றினால் தீர்ந்தது. இதற்கு ஏன் இவ்வளவு பயமுறுத்தல்?

பழைய_பினியன்:
பயமுறுத்தவில்லை, எந்த வரிசையில் மாற்றுவது என்று சொல்கிறேன். முதலில் கப், ஷாஃப்ட், பிறகு மோட்டார். நீங்கள் தலைகீழாகப் போயிருக்கிறீர்கள். லிப்போவையும் முழுச் சார்ஜில் அலமாரியில் வைத்துவிடாதீர்கள், ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைப்பதுதான் முறை. ஈ.எஸ்.சி.யில் வோல்ட் குறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் லிப்போ கட்-ஆஃப் இருந்தால் போட்டுவையுங்கள். செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தப் பேட்டரியை நம்பிச் சார்ஜ் போடக்கூடாது.

நீலவண்டி:
பார்த்தீர்களா, ஸ்டீல் கப் என்றதும் யாரும் எதிர்க்கவில்லை. அதுவும் உலோகம்தானே? ஸ்டியரிங்கையும் பாருங்கள். கிட்டின் ஸ்டியரிங் இணைப்பில் உள்ள ஆட்டத்தால் நேர்க்கோட்டிலேயே வண்டி அலைகிறது. பேரிங் போட்ட அலுமினிய ஸ்டியரிங் செட் மாட்டியபின் அந்த அலைச்சல் அடங்குகிறது.

தேரிக்காட்டான்:
அது பேரிங்கின் வேலை, அலுமினியத்தின் புகழாக எழுதாதீர்கள். ஆனால் ஸ்டியரிங் செட்டை நான் எதிர்க்கவில்லை. கல் நேராக அடிக்காத இடம் அது. ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டாரைக் காக்கும் சர்வோ சேவர் வேறு வளைந்துகொடுத்து அடியைத் தாங்குகிறது. கப்பும் ஷாஃப்ட்டும் அப்படியே, முறுக்கு விசைக்கு உலோகம் சரி. அடி வாங்கும் இடத்துக்குத்தான் வேண்டாம் என்கிறேன்.

காசு செலவில்லாத மேம்பாடு ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. ஷாக்கை ஒழுங்காகப் பூட்டுவது. ஆயிலை நிரப்பி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். குமிழிகள் எழுந்து வரும். அவசரப்படாமல் நிமிர்த்தி வைத்து, குமிழி முழுவதும் அடங்கியபின் மூடுங்கள். உள்ளே காற்று தங்கினால் ஷாக் அழுத்தும்போது 'சளக்' என்று சத்தமிடும்; நான்கு ஷாக்கும் நான்கு விதமாக வேலை செய்யும். பிறகு அலுமினிய ஷாக் வாங்கினாலும் அதே கதைதான்.

பழைய_பினியன்:
திருகையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கில் திரும்பப் பூட்டும்போது முதலில் இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். 'டக்' என்று பழைய பள்ளத்தில் இறங்கியதும் வலப்பக்கம் முறுக்கினால் மரை கெடாது. திருகு கழலாமல் பிடிக்கும் திருகுப்பசை உலோகத்தில் இறங்கும் திருகுக்கு மட்டும். சில பிளாஸ்டிக்குகள் அது பட்டால் விரிசல் விட்டுவிடும்.

நீலவண்டி:
ஷாக்கை இன்றே பிரித்துப் பார்க்கிறேன். ஆனால் ஆர்மைக் கழற்றச் சொல்லாதீர்கள். எங்கள் தெருவில் கல்லே இல்லை, புல்தரைதான். அடி வாங்காத வண்டிக்கு உங்கள் வாதம் எப்படிப் பொருந்தும்?

தேரிக்காட்டான்:
புல்தரையில் அடியே விழாதென்றால் கிட்டோடு வந்த ஆர்மே உடையாதே ஐயா, மாற்றியது எதற்கு?

நீலவண்டி:
நீல நிறத்துக்கு.