மறு: ‘முட்டைப் பெட்டி’க்கு என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

தாவரச் செல்சுவர் பற்றி நாம் எழுதும் கட்டுரையில், சுவரிலுள்ள பெக்டின் சங்கிலிகளைக் கால்சியம் பூட்டும் அமைப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘egg-box model’ என்ற பெயரை ‘முட்டைப் பெட்டி மாதிரி’ என்றே போட்டுவிடலாம் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. நம் கடைகளில் முட்டை வருவது ட்ரேயில். பெட்டி என்றதும் கண்முன் வருவது மூடி போட்ட டப்பா. கூடவே ‘மாதிரி’யும் சேர்ந்துகொண்டால், பெட்டி போல ஏதோ ஒன்று என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பெக்டின் என்பது செல்சுவரில் உள்ள பசைபோன்ற பொருள். அதில் பெரும்பகுதி, கேலக்டுரோனிக் அமிலம் என்ற சர்க்கரை அமிலத்தின் கண்ணிகள் கோத்த நீளச் சங்கிலி. செல் அதைச் சுவருக்கு அனுப்பும்போது பெரும்பாலான கண்ணிகளில் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதி ஒட்டியிருக்கும். சுவரில் உள்ள பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் என்ற நொதி அதைக் கழற்றும். கழன்ற இடத்தில் எதிர்மின்னேற்றம் மிஞ்சும். மெத்தில் வரிசையாகக் கழன்ற இரண்டு சங்கிலிகள் எதிரெதிரே வந்தால் நடுவில் குழிகள் அமையும். கால்சியம் அயனிகள் அவற்றில் உட்கார்ந்து சங்கிலிகளைப் பூட்டிவிடும். 1973இல் கிராண்ட், மோரிஸ், ரீஸ் முதலியோர் முட்டைப் பெட்டிக்கு ஒப்பிட்டது இதைத்தான்.

எதிரெதிர் வரிசை, குழி, குழிக்குள் மணி. பல்லாங்குழி இருக்க முட்டைக்கு ஏன் போக வேண்டும்? மடக்குப் பலகையை நினைத்துப் பாருங்கள். எங்கள் பாட்டி வீட்டில் மீன் வடிவத்தில் ஒன்று இருந்தது, பக்கத்துக்கு ஏழு குழி. சோழியை உள்ளே விட்டு மடக்கினால் மேல்குழியும் கீழ்குழியும் வாய் பொருந்தும். (ஆட்டினால் கலகலக்கும். கால்சியம் கலகலக்காது, இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒப்புமை அவ்வளவுதான் தாங்கும்.)

ஆகவே என் பரிந்துரை ‘பல்லாங்குழிப் பிணைப்பு’. மெத்தில் இருந்தால் மூடிய குழி, கழன்றால் திறந்த குழி என்று மேற்கொண்டும் எழுதிப் போகலாம். கட்டுரையின் சிக்கலான இடமே இதனால் எளிதாகிறது. நொதி ஒரே பகுதியில் தொடர்ச்சியாகக் கழற்றினால் திறந்த குழிகள் அடுத்தடுத்து வரும், பூட்டு விழும், சுவர் இறுகும். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கழற்றினால் பூட்டு சரியாக விழாது. பாலிகேலக்டுரோனேஸ் என்ற இன்னொரு நொதி வந்து சங்கிலியை வெட்டவும் வழி பிறக்கும், சுவர் இளகும். மகரந்தக் குழாயின் நுனியில் பெரும்பாலும் மூடிய குழிகள், அதனால் அது இளக்கமாக நீண்டுகொண்டே போகிறது. நுனிக்குப் பின்னால் உள்ள பகுதியில் குழிகள் திறந்து சுவர் இறுகிவிடுகிறது. ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் தண்டு நுனியிலோ, புது உறுப்பு முளைக்கும் இடத்தில் மெத்தில் கழன்றபோது சுவர் இளகியதாகத்தான் அளந்தார்கள். அதனால் ‘மெத்தில் குறைந்தால் சுவர் இறுகும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்.

சமையலறைச் சான்று வேண்டுமென்றால் ஆக்ரா பேட்டா என்ற இனிப்பு இருக்கிறது. வெண்பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்த பிறகே பாகில் போடுகிறார்கள். சுண்ணாம்பின் கால்சியம் குழிகளில் போய் உட்கார்ந்துவிடுவதால், பாகில் கொதித்தாலும் துண்டு குழையாமல் நிற்கிறது.

விளையாட்டுப் பெயர் அறிவியலில் எடுபடுமா என்று கேட்பீர்கள். முட்டைப் பெட்டி மட்டும் ஆய்வகத்தில் பிறந்ததா என்ன? இந்தக் காலப் பிள்ளைகள் பல்லாங்குழியைப் பார்த்திருப்பார்களா என்றால், அது நியாயமான கேள்வி. ஒரு படம் போட்டுவிடலாம்.

அப்புறம், கட்டுரை வரைவில் சுவரின் குணத்தைச் சொல்லும் இடமெல்லாம் ‘விறைப்பு’ என்று இருக்கிறது. தாவரவியலில் விறைப்பழுத்தம் என்பது செல்லுக்குள் இருக்கும் நீர் சுவரைத் தள்ளுவது. தள்ளுவதற்கும் தாங்குவதற்கும் ஒரே சொல் என்றால் குழப்பம்தான். சுவருக்கு ‘இறுக்கம்’ என்றே வைப்போம். அணுவிசை நுண்ணோக்கியால் அழுத்தி அளந்த எண்ணைச் சொல்லும்போது மட்டும், இயற்பியல்காரர்களின் ‘மீட்சிக் குணகம்’ (elastic modulus) என்ற சொல்லைப் போடலாம்.

ஒன்றுதான் எனக்கு இன்னும் தீரவில்லை. திறந்த குழியை ‘வெறுங்குழி’ என்றால் சொல் அழகாக இருக்கிறது. ஆனால் ஆட்டத்தில் வெறுங்குழி வந்தால் அதைத் துடைத்துவிட்டு அடுத்த குழியை அள்ளுவோமே, அந்த நினைப்பு வந்து குறுக்கே நிற்காதா? ஆடிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.